சின்னத்திலிருந்து சுவர் வரை: நிறுவன அடையாளமும் இட வரைகலையும்

ஒரு நிறுவனத்தின் பெயர், இலச்சினை, நிறம், எழுத்துரு, இவற்றைப் பயன்படுத்தும் முறை எல்லாம் சேர்ந்ததே அதன் அடையாளம். அந்த அடையாளம் கட்டடத்தின் முகப்பிலும் நடைவழிச் சுவரிலும் தரையிலும் கதவிலும் அம்புக்குறிப் பலகையிலும் இடம்பெறும்போது அது இட வரைகலை எனப்படும். லோகோவை ஒருவரிடமும் போர்டு வேலையை இன்னொருவரிடமும் கொடுப்பது இன்று பரவலான பழக்கம். குளறுபடி பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. விசிட்டிங் கார்டில் நேர்த்தியாக இருந்த மெல்லிய கோடு, முகப்புக்காக எஃகுத் தகட்டில் வெட்டும்போது தாங்காது. திரையில் பளிச்சிட்ட இளமஞ்சள், வெள்ளைச் சுவரில் கண்ணுக்கே படாது. இரண்டையும் ஒரே வேலையாக எடுத்துக்கொண்டு, சுவரை மனத்தில் வைத்துச் சின்னத்தை வரையும் முறையே இந்த அத்தியாயத்தின் பொருள்.

இந்த முறைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1907 இல் பெர்லினைச் சேர்ந்த மின்பொருள் நிறுவனமான ஏஇஜி, பீட்டர் பெரன்ஸைக் கலை ஆலோசகராக அமர்த்தியது. முத்திரை, விலைப்பட்டியல், விளக்கு, கெட்டில், தொழிற்சாலைக் கட்டடம் எல்லாம் அவர் ஒருவரின் பார்வையில் உருவாயின. லண்டன் சுரங்க ரயிலில் அதே பணியைச் செய்வித்தவர் நிர்வாகி ஃபிராங்க் பிக். நிலையத்துச் சுவர் முழுக்க விளம்பரத் தாள்கள். அவற்றுக்கு நடுவில் நிலையத்தின் பெயரைப் பயணிகள் தேட வேண்டியிருந்தது. 1908 முதல் சிவப்பு வட்டும் நீலப் பட்டையும் பெயரைத் தனியே எடுத்துக் காட்டின. எட்வர்ட் ஜான்ஸ்டன் வரைந்த எழுத்துரு 1916 இல் வந்தது. இன்று உலகம் லண்டனின் சின்னமாக அறிந்திருப்பது, இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. நல்ல அடையாளம் பெரும்பாலும் இப்படி ஒரு தேவையிலிருந்தே பிறக்கிறது.

கணக்கெடுப்பு

வேலை கணக்கெடுப்பில் தொடங்குகிறது. வாடிக்கையாளரிடம் ஏற்கெனவே என்னென்ன இருக்கின்றன என்று ஒவ்வொன்றையும் படமெடுத்து ஒரே மேசையில் பரப்ப வேண்டும்: பில் புத்தகம், ரப்பர் ஸ்டாம்ப், துணிப்பை, டெலிவரி வண்டி, சீருடை, முகப்புப் பலகை, வாட்ஸ்அப் படம். இரண்டு தலைமுறையாக நடக்கும் கடையில் ஒரே பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பது சாதாரணம். ஒன்றில் 'அன் கோ', இன்னொன்றில் 'அண்ட் கோ', முகப்பில் முதலாளியின் தலைப்பெழுத்துகளோடு வேறொன்று. எது சட்டப்பூர்வப் பெயர், எதை மக்கள் வாயால் சொல்கிறார்கள் என்று தெளிவாகும் வரை பென்சில் எடுப்பதில் பயனில்லை.

அடுத்து, முடிவெடுப்பவர் யார் என்று அறிய வேண்டும். குடும்பக் கடையில் அது மூத்தவர். கல்லூரியில் ஒரு குழு. அரசு நிறுவனத்தில் கோப்பு போகும் வழி. குழுவிடம் ஐந்து மாதிரிகளைக் கொடுத்தால் ஐந்திலிருந்தும் ஆளுக்கொரு துண்டை எடுத்து ஆறாவதைக் கேட்பார்கள். இரண்டு மாதிரிகள், ஒவ்வொன்றும் முகப்பிலும் பையிலும் பலகையிலும் பொருத்திக் காட்டப்பட்டவை, போதும். அதற்கு மேல் காட்டுவது வடிவமைப்பாளர் தன் பொறுப்பை வாடிக்கையாளர் தலையில் வைப்பதாகும்.

இடத்தை நேரில் பார்ப்பதற்கு ஈடு வேறில்லை. வாடிக்கையாளரின் காரில் போய் இறங்காமல், பேருந்து நிறுத்தத்திலிருந்து அந்நியரைப் போல நடந்து வர வேண்டும். காலையிலும் உச்சி வெயிலிலும் இரவிலும் முகப்பைப் பார்க்க வேண்டும். மேற்கு பார்த்த கடைக்கு மாலை நான்கு மணி வெயிலில் பளபளப்பான பலகை கண்ணாடியாகிவிடும். மரக்கிளை, மின்கம்பி, பக்கத்துக் கடையின் தகரக் கூரை எல்லாம் அளவெடுக்கும் வரைபடத்தில் ஏற வேண்டும். எவ்வளவு தூரத்திலிருந்து, எவ்வளவு வேகத்தில் வருபவர் படிக்கப்போகிறார் என்ற விடையே எழுத்தின் உயரத்தை நிர்ணயிக்கும்.

இலச்சினை

பாரத ஸ்டேட் வங்கியின் நீல வட்டம் 1971 இல் வந்தது. வரைந்தவர் சேகர் காமத். பணி அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்தது. ஒரு முழு வட்டம், நடுவில் சிறு வட்டத் துளை, அதிலிருந்து கீழே இறங்கும் ஒரு கீறல். அவ்வளவுதான். பாஸ்புக்கின் மூலையிலும் கிராமத்துக் கிளையின் சுவரிலும் ஏடிஎம் கதவிலும் அது ஒரே பொருளாகத் தெரிகிறது. கவராயமும் அளவுகோலும் இருந்தால் எந்த ஊர்ப் பெயிண்டரும் பிழையின்றி வரையலாம். 2017 இல் ஐந்து துணை வங்கிகள் இணைந்து அடையாளம் புதுப்பிக்கப்பட்டபோதும் வட்டம் தங்கிவிட்டது. ஆயிரக்கணக்கான கிளைகள் உள்ள நிறுவனத்துக்கு இந்த எளிமை அலங்காரம் சார்ந்த விருப்பம் என்று எண்ணுவது தவறு. கை மாறினாலும் கெடாமல் இருக்க அதுவே வழி.

ஆகவே புதிய இலச்சினை ஒவ்வொன்றும் சில சோதனைகளைக் கடக்க வேண்டும். ரப்பர் ஸ்டாம்பில் மங்கிய மையில் அடித்தால் தெரிகிறதா? ஒற்றை நிறத்தில் நிற்கிறதா? சட்டைப் பையில் நூலால் தைக்க முடியுமா? தமிழ்நாட்டில் இன்னொன்றையும் சேர்க்கலாம்: ஜவுளிக் கடையின் மஞ்சள் பை. முரட்டுத் துணியில், ஒரே நிறத்தில், ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அச்சாகி, ஊர் ஊராகப் பேருந்தில் தொங்கிக்கொண்டு போகும் அந்தப் பையைப் போல் கடைப் பெயரைச் சுமந்த விளம்பரம் வேறில்லை. 2021 இறுதியில் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிய பிறகு அது மறுபடி புழக்கத்துக்கு வந்திருக்கிறது. வண்ணச் சாயல்களும் நிழலும் போட்ட லோகோ அந்தத் துணியில் கறையாகத்தான் இறங்கும்.

எல்லா அடையாளமும் வடிவகணிதமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஓவியர் மாலியின் விகடன் தாத்தா ஒரு முகம். எழுத்தைப் படிக்கும் முன்பே வாசகர் பத்திரிகையை அறிந்துகொள்கிறார். பழைய நிறுவனத்திடம் அப்படி ஒரு முகமோ குறியோ இருந்தால் அதை எடுத்தெறிவது பெரும் இழப்பு. கோடுகளைச் சீராக்கி, சிறிய அளவுக்கு ஒரு தனிப் பதிப்பு வரைந்து வைத்தால் போதும்.

வாடிக்கையாளரிடம் காட்டும் முன்பே வணிகச் சின்னப் பதிவேட்டில் தேடிப் பார்ப்பது நல்லது. இந்தியாவில் 1999 ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின்படி பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. வாடிக்கையாளர் எந்த வகுப்புகளில் தொழில் செய்கிறார் என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தமிழ் எழுத்தும் பலமொழிப் பலகையும்

தமிழில் வேலை செய்யும் வடிவமைப்பாளர் அதிக நேரம் செலவிட வேண்டிய பகுதி இது. ஆங்கில லோகோவை முடித்துவிட்டு, அதன் கீழே கணினியில் கிடைத்த ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவைப் போட்டு முடிப்பது பெரும் குறை. தமிழ்நாட்டின் கடைகள், நிறுவனங்கள் விதிகளின்படி பெயர்ப்பலகையில் தமிழே முதலிலும் பெரிதாகவும் வர வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி என 5:3:2 விகிதம் சொல்லப்படுகிறது. பலகையில் தமிழ்தான் பெரிது என்றால், அடையாளமே தமிழ் எழுத்திலிருந்து தொடங்குவதுதான் முறை. ஆங்கில எழுத்து அதற்குத் துணையாக வரட்டும்.

தமிழ் எழுத்தின் உடல்வாகு வேறு. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு உண்டு. தமிழில் அது இல்லாததால் அழுத்தம் வேண்டுமானால் பருமனையோ அளவையோ நிறத்தையோ நாட வேண்டும். பருமனைக் கூட்டும்போது ண, ஞ, ஐ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். கி, கீ மேலே நீளும். பு, யு கீழே இறங்கும். ஆங்கிலத்துக்குப் போட்ட வரி இடைவெளியையே தமிழுக்கும் போட்டால் மேல்வரியின் 'பு' கீழ்வரியின் 'கீ' மீது இடிக்கும். எழுத்தின் உயரத்தைக் கணக்கிடும்போது க, ப போன்ற எழுத்துகளின் உடலை மட்டுமே அளக்க வேண்டும். கொம்பையும் வாலையும் சேர்த்து அளந்தால் எழுத்து நினைத்ததைவிடச் சிறியதாகிவிடும்.

புள்ளிக்குத் தனிக் கவனம் வேண்டும். எஃகிலோ அக்ரிலிக்கிலோ வெட்டிச் சுவரில் பதிக்கும் எழுத்துகளில் புள்ளி தனித் துண்டு. ஒரே ஆணியில் நிற்கும் அது முதல் மழைக்காலத்திலேயே உதிர்ந்துவிடும்; 'வங்கி' என்பது 'வஙகி' ஆகும். பின்னால் ஒரு தகட்டை வைத்து எழுத்தையும் புள்ளியையும் அதன்மேல் ஒன்றாகப் பதித்தால் இந்தத் தொல்லை இல்லை. உள்ளிருந்து ஒளிரும் பலகையில் இன்னொரு சிக்கல்: ஒளி பரவி, புள்ளியும் எழுத்தும் ஒன்றாகக் கலந்து தெரியும். அங்கே புள்ளிக்கும் எழுத்துக்கும் இடையே வழக்கத்தைவிடக் கூடுதல் இடைவெளி விட வேண்டும்.

மிகக் கேவலமான பிழை கணினியில் நேர்வது. இந்திய மொழிகளுக்கான அமைப்பு இயங்காத மென்பொருளில் தமிழை ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறும். 'கோயில்' என்ற சொல்லில் இரட்டைக் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ் படிக்கத் தெரியாத அச்சகத்தில் அதை யாரும் கவனிப்பதில்லை. இலங்கையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் வரும் பொதுப் பலகைகளில் தமிழ் மட்டும் சிதைந்து கிடப்பதைப் பார்த்து மனம் நோகாத தமிழர் இல்லை. தடுக்கும் வழி எளிது: தமிழ் தெரிந்த ஒருவர் சரிபார்த்த பின் எழுத்துகளைக் கோட்டுருவாக மாற்றி அனுப்ப வேண்டும், வெட்டுவதற்கு முன் தாளில் அச்சிட்டு மறுபடி படிக்க வேண்டும்.

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் நிறுவப்பட்ட கடைகளின் பலகையில் தும்பிக்கை வைத்த பழைய 'லை' இருக்கக்கூடும். இலச்சினையில் அதை வைத்துக்கொள்வது கடையின் வயதுக்கு மரியாதை. வழிகாட்டிப் பலகையில் அதற்கு இடமில்லை, இளைஞர்கள் தடுமாறுவார்கள்.

நீளமும் திட்டமிட வேண்டிய ஒன்று. 2019 இல் சென்னை சென்ட்ரல் நிலையம் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் சென்ட்ரல் ரயில் நிலையம் ஆயிற்று. முகப்பில் முழுப் பெயருக்கு இடம் உண்டு. நடைவழியின் அம்புக்குறிப் பலகையில் இல்லை. எந்தப் பெயருக்கும் முழு வடிவம், சுருக்க வடிவம் இரண்டையும் வாடிக்கையாளரின் ஒப்புதலோடு முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

வாடிக்கையாளர் மாறும்போது

வங்கிக்கும் கடைத் தொடருக்கும் தேவைப்படுவது பிறழாத மறுபதிப்பு. அருங்காட்சியகத்துக்கு ஒவ்வொரு கண்காட்சியும் புதிதாகத் தெரிய வேண்டும். நிலையான ஒரு குறி, மாறும் மற்றவை. லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு 1989 இல் ஆலன் ஃபிளெட்சர் வரைந்த மூன்றெழுத்துக் குறி அந்த வேலையை இன்றுவரை செய்கிறது.

மருத்துவமனைக்கு வருபவர் பதற்றத்தில் இருக்கிறார். அவருக்கு அழகும் வேண்டும், ஆனால் முதலில் வேண்டியது உறுதி. ஜப்பானின் ஹிகாரி நகரிலுள்ள உமெடா மருத்துவமனை மகப்பேறுக்கும் குழந்தை நலத்துக்கும் உரியது. 1998 இல் கென்யா ஹாரா அதன் பலகைகளை வெள்ளைப் பருத்தித் துணியில் அமைத்தார். உறை போல மாட்டலாம், கழற்றித் துவைக்கலாம். வெள்ளைத் துணியில் விரல் பட்டாலே தெரியும். அதை நாள்தோறும் வெள்ளையாகவே வைத்திருப்பது, இங்கே தூய்மை பேணப்படுகிறது என்று வாய்திறவாமல் சொல்கிறது. தாய்மாரை வரவேற்கும் மென்மையும் அந்தத் துணியில் உண்டு. பராமரிப்பைச் சுமையாக நினைக்காமல் செய்தியாகவே மாற்றிய இந்த வேலையைவிடச் சிறந்த பாடம் இத்துறையில் அரிது. பின்பற்ற நினைப்பவர் ஒன்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும்: துவைக்கும் ஏற்பாடு தவறாமல் நடக்குமா? இரண்டு மாதத்தில் பழுப்பேறிய துணி எதிர்ச் செய்தியைச் சொல்லிவிடும்.

போக்குவரத்தில் படிக்கத் தெரியாதவரும் வேற்று மொழிக்காரரும் ஒரே கூட்டத்தில் இருப்பார்கள். 1969 இல் திறக்கப்பட்ட மெக்சிகோ நகர மெட்ரோவில் லான்ஸ் வைமன் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு படக்குறி கொடுத்தார். பினோ சுவாரெஸ் நிலையம் தோண்டும்போது பழங்காலக் காற்றுக் கடவுளின் சிறு கோயில் வெளிப்பட்டது. அந்த நிலையத்தின் குறி அதுவே. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்துக்கு 1967 இல் பென்னோ விஸிங் செய்த பலகைகளில் பயணத்துக்கு மஞ்சள், மற்ற வசதிகளுக்குப் பச்சை. அவசரத்தில் ஓடுபவர் மஞ்சளை மட்டும் பார்த்தால் போதும். சிங்கப்பூர் எம்ஆர்டி நிலையங்களில் பெயர் ஆங்கிலத்தோடு சீனத்திலும் தமிழிலும் நிற்கிறது. இந்திய ரயில் நிலையங்களில் மஞ்சளில் கருப்பாக வட்டார மொழியும் இந்தியும் ஆங்கிலமும் வருகின்றன.

பள்ளி, நூலகம், தன்னார்வ அமைப்பு ஆகியவற்றிடம் பணம் குறைவு. அங்கே பெயிண்ட்தான் துணை. 1960களில் கலிஃபோர்னியாவின் ஸீ ராஞ்சில் பார்பரா ஸ்டௌஃபேக்கர் சாலமன் நீச்சல் குள அறைகளின் சுவரெங்கும் பெரும் பட்டைகளும் எழுத்துகளும் தீட்டினார். 2001 இல் நூவர்க் நகரின் கலைப்பள்ளிக் கட்டடத்துக்குப் பாலா ஷெர் வெளிச்சுவர் முழுக்க, குழாய்களின் மேலும்கூட, சொற்களைத் தீட்டவைத்தார். பழைய கட்டடம் இடிக்கப்படாமலே புதிதாயிற்று. அரசுப் பள்ளிச் சுவர்களில் எழுதப் பழகிய ஓவியர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களின் கைக்கு ஏற்ற அளவுக் கட்டங்களை வரைந்து கொடுத்தால் ஃபிளெக்ஸைவிட நீடித்த வேலை கிடைக்கும்.

வழிகாட்டிப் பலகைகள்

கட்டடத்தின் வரைபடத்தில், வருபவர் எங்கே நின்று யோசிப்பார் என்று புள்ளி வைப்பது முதல் படி. நுழைவாயில், மாடிப்படியின் அடி, லிஃப்ட் கதவு, நடைவழி பிரியும் இடம். பலகை அங்கே வேண்டும். யோசனையே எழாத நேர்வழியில் வேண்டாம். இரண்டாவதாக, ஒவ்வொரு பலகைக்கும் எண் கொடுத்து, அதில் வரும் சொற்களை எல்லா மொழியிலும் ஒரு பட்டியலாக எழுத வேண்டும். வரைதலுக்கு முன் வாடிக்கையாளர் கையெழுத்திட வேண்டியது இந்தப் பட்டியலில்தான். ஒரே இடத்தை ஒரு பலகையில் 'எக்ஸ்ரே' என்றும் அடுத்ததில் 'கதிர்வீச்சியல் துறை' என்றும் எழுதினால் நோயாளி பாதி வழியில் நின்றுவிடுவார். மருத்துவர் வாயிலும் மருந்துச் சீட்டிலும் எந்தச் சொல் வருகிறதோ அதையே பலகையிலும் எழுத வேண்டும்.

அளவுக்கு ஒரு வாய்பாடு உண்டு: 3 மீட்டர் தூரத்துக்கு 25 மில்லிமீட்டர் எழுத்துயரம் இருந்தால் வசதியாகப் படிக்கலாம். 12 மீட்டர் நடைவழியின் கோடியிலுள்ள பலகைக்கு 100 மில்லிமீட்டர். தமிழில் இதைக் குறைக்கக் கூடாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு 70 சதவீதம் இருக்க வேண்டும் என்று அமெரிக்க வழிகாட்டுதல்கள் சொல்லிவந்தன. நிறத்தை மட்டும் நம்பி வழி சொல்வது ஆபத்து. 12 ஆண்களில் ஒருவர் வரை சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர். 'பச்சைக் கோட்டைப் பின்தொடரவும்' என்று எழுதினால் கோட்டில் எண்ணோ குறியோ சேர்ந்தே வர வேண்டும். தொட்டுப் படிக்கும் எழுத்தும் பிரெய்லும் தரையிலிருந்து சுமார் 1.2 முதல் 1.5 மீட்டருக்குள், கதவின் தாழ்ப்பாள் பக்கச் சுவரில் அமைய வேண்டும். கதவு மேலேயே ஒட்டினால், படிக்கும்போது உள்ளிருந்து யாராவது திறந்து இடித்துவிடுவார்கள்.

படக்குறிகளைப் புதிதாக வரையும் ஆசையை அடக்குவது நல்லது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்காக 1974 இல் 34, 1979 இல் மேலும் 16 என உருவான 50 குறிகள் யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்கவை. உலகம் அவற்றுக்குப் பழகிவிட்டது. பாதுகாப்புப் பலகைகளில் கற்பனைக்கு இடமே இல்லை: தடைக்குச் சிவப்பு, எச்சரிக்கைக்கு மஞ்சள், கட்டாயத்துக்கு நீலம், தப்பும் வழிக்குப் பச்சை. நிறுவனத்தின் நிறம் பச்சை என்றால், அவசர வழிப் பலகையின் அருகே அந்தப் பச்சையைத் தவிர்க்க வேண்டும்.

பொருளும் தயாரிப்பும்

ஃபிளெக்ஸ் மலிவு, ஆனால் வெயிலில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறி, கருப்பும் நீலமும் மட்டும் மிஞ்சும். சிவப்பை அடையாள நிறமாகக் கொண்ட நிறுவனம் ஃபிளெக்ஸை நிரந்தரப் பலகைக்கு நம்பக் கூடாது. அலுமினியத் தகட்டில் பவுடர் கோட்டிங், நிறம் ஊறிய அக்ரிலிக், எனாமல் ஆகியவை நீடிக்கும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் 304 ரக எஃகு உப்புக் காற்றில் பழுப்புக் கறை பிடிக்கும். 316 ரகம் தாங்கும். விலை கூடுதல் என்றாலும் முகப்பெழுத்தில் அந்தச் செலவைச் சுருக்கக் கூடாது.

அச்சு, திரை, பெயிண்ட், வினைல் நான்கிலும் ஒரே நிறம் ஒரே எண்ணால் வராது. ஒவ்வொன்றுக்கும் தனி எண்ணைக் கையேட்டில் குறித்து, ஒப்புதல் பெற்ற பெயிண்ட் மாதிரித் துண்டையும் சேர்த்து வைக்க வேண்டும். முழு வேலையையும் தொடங்குமுன் ஒரே ஒரு பலகையை முழு அளவில் செய்து, நிற்க வேண்டிய இடத்திலேயே ஒரு நாள் மாட்டிப் பார்ப்பது அவசியம். தாளில் அச்சிட்டு அட்டையில் ஒட்டினாலும் போதும். உயரத்திலும் அளவிலும் உள்ள தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு நாளில் வெளிப்பட்டுவிடும்.

ஒப்படைப்பு

கோப்புகளோடு உரிமையும் எழுத்தில் மாற வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை மாற்றும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுகளுக்கு மட்டும் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். துபாயிலோ கொழும்பிலோ கிளை திறக்கவிருக்கும் வாடிக்கையாளருக்கு இது முக்கியம். எழுத்துருவின் உரிமத்தையும் வாடிக்கையாளர் பெயரிலேயே வாங்கிக் கொடுக்க வேண்டும்.

கையேடு பருமனாக இருந்தால் யாரும் திறப்பதில்லை. பெயிண்டருக்கு ஒரு பக்கம், அச்சகத்துக்கு ஒரு பக்கம், போர்டு கடைக்கு ஒரு பக்கம் என்று பிரித்துத் தமிழிலேயே எழுதிக் கொடுத்தால் அது வேலை செய்யும் இடத்துச் சுவரில் ஒட்டப்படும். ஆறு மாதம் கழித்து வடிவமைப்பாளர் ஒருமுறை கட்டடத்தைச் சுற்றி வர வேண்டும். ஊழியர்கள் தாங்களாகவே அச்சிட்டுச் செலோடேப்பில் ஒட்டிய ஏ4 தாள்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். 'ரத்தப் பரிசோதனை இங்கே இல்லை, முதல் மாடி' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தால், அந்த இடத்தில் பலகை தவறியிருக்கிறது. தாளைக் கிழித்துப் போடாமல், அதன் வாசகத்தைப் பலகைப் பட்டியலில் சேர்த்து, புதிய எண் கொடுத்து, அதே பொருளில் அதே எழுத்தில் பலகை செய்து மாட்டிய பிறகுதான் அந்தத் தாளை எடுக்க வேண்டும். திருத்திய பட்டியலின் பதிப்பு எண்ணும் தேதியும் கையேட்டின் முதல் பக்கத்தில் ஏற வேண்டும்.